நெல்லைச் சீமையில் சுற்றுச்சூழல் இயற்பியல் ஆய்வு: புதிதாக இறங்குபவர்களுக்குக் காகிதம், காசு, காலம்

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டீர்கள். பாளையங்கோட்டையிலோ அம்பையிலோ வள்ளியூரிலோ இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆய்வகத்தில் மெல்லிய படலம் வளர்ப்பதைவிட மழை, காற்று, மண், கதிர்வீச்சு என்று வெளியே அளக்கிற வேலை பிடித்திருக்கிறது. அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நான் இந்த வழியில் போனபோது, எந்த மேசையில் எந்தக் கடிதத்தைக் கொடுப்பது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. ஓர் அலுவலகத்தில் என் அனுமதி விண்ணப்பம் மேல்காற்றுக் காலம் (தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள்) முழுக்கக் கிடந்தது. கையெழுத்தாகி வந்தபோது காற்று அடங்கிவிட்டது. இயற்பியல் யாரையும் அவ்வளவு அலைக்கழிப்பதில்லை. பருவத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்வதுதான் வருடங்களைத் தின்கிறது. அதனால் படிகளை அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. தலைப்புக்கு முன்னால் காலண்டரை எடுங்கள்

ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பருக்கு வெள்ளிக்கிழமை கெட்டுப்போன சோதனையைத் திங்கட்கிழமை மறுபடி செய்ய முடியும். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். விட்டால் அடுத்த வருடம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று. அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் நெருக்கப்பட்டு, வேகம் கூடி நம் பக்கம் இறங்கும். இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடேறும், வறண்டுபோகும். தென்காசிக்குச் சாரல், பாளையங்கோட்டைக்குப் புழுதி. காற்றின் வேகம், ஆவியாதல், தேரி எனும் செம்மணல் மேடுகளின் நகர்வு பற்றிய அளவீடுகளுக்கு இதுதான் காலம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையின் செறிவு, மண்ணின் ஈரம், குளத்து நீர்ச் சமநிலை. ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். இரவில் தரை குளிர்ந்து, மேலே போகப்போக வெப்பம் கூடும் தலைகீழ் அடுக்கு உருவாகும். காலையில் புகை தரையோடு படர்ந்து நிற்பது அதனால்தான். காற்றுத்தூசி ஆய்வுக்கும், ஈரமில்லாத மண் மாதிரி எடுக்கவும் இந்த இரண்டு மாதங்கள் நல்லவை. மார்ச் முதல் மே வரை நகர வெப்பம், பிற்பகல் இடிமழை.

உங்களுக்கு எந்தப் பருவம் வேண்டுமோ அதிலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணுங்கள். அனுமதி விண்ணப்பம் போக வேண்டிய மாதம் அது. ஒரு பருவத்து அளவீட்டை மட்டும் வைத்துக்கொண்டு தீசிஸ் எழுதினால், 'அந்த வருடம் மட்டும் அப்படி இருந்ததா?' என்று வைவாவில் கேட்பார்கள். ஆகவே குறைந்தது இரண்டு பருவம் வேண்டும். பிஎச்.டி.க்கு யு.ஜி.சி. 2022 விதிப்படி குறைந்தபட்ச காலம் 3 வருடம், அதிகபட்சம் 6. ஒரு பருவம் வீணானால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

2. கைக்கு எட்டுகிற பொருளைத் தேர்ந்தெடுங்கள்

சுற்றுச்சூழல் இயற்பியல் என்பது சூழலில் ஆற்றலும் நீரும் துகள்களும் கதிர்வீச்சும் எப்படி இடம் மாறுகின்றன என்பதை அளந்து, இயற்பியல் விதியால் விளக்குவது. 'தாமிரபரணி மாசு' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால், 'இது வேதியியல், அங்கே போங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். தலைப்பில் அளக்கக்கூடிய ஒரு பௌதிக அளவு இருக்கட்டும்: கதிரியக்கச் செறிவு, வெப்பப் பாய்வு, ஆவியாதல் வீதம், துகள் அடர்த்தி இப்படி ஏதாவது.

நம் வட்டாரத்தில் நான்கு வழிகள் நடைமுறையில் சாத்தியம்.

முதலாவது, இயற்கைக் கதிரியக்கம். தென்கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் உண்டு. மண்ணிலும் மணலிலும் யுரேனியம், தோரியம் வரிசைகளையும் பொட்டாசியம்-40ஐயும் காமா நிறமாலைமானியில் அளப்பது, வீடுகளில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளப்பது ஆகியவை இதில் வரும். முறைகள் நன்றாக வகுக்கப்பட்டவை. அதனாலேயே ஏற்கெனவே பலர் செய்திருப்பார்கள். புது ஊரில் அதே அளவீடு என்பது மட்டும் போதாது. மணலின் துகள் அளவோடு, கடலரிப்போடு, வீடு கட்டும் பொருளோடு இணைத்து ஒரு கேள்வி வேண்டும்.

இரண்டாவது, நீரும் வெப்பமும். குளங்களின் ஆவியாதல், நெல் வயலின் ஆற்றல் சமநிலை, மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை மழை குறைந்துகொண்டே போகிற சரிவு. வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களுடன் கைகோத்தால் வயலும் பழைய பதிவும் கிடைக்க வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால் செலவு குறைவு, கேள்வி அதிகம் என்ற வகையில் இதுதான் சிறந்தது.

மூன்றாவது, காற்றுத்தூசியும் நகர வெப்பமும். கருவி மலிவு, ஆனால் நம்பகத்தன்மைக்குப் போராட வேண்டும். 8-ஆம் படியில் சொல்கிறேன்.

நான்காவது, மேல் வளிமண்டலம். கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் பூமத்தியரேகைப் புவி இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு, நம் பக்கத்தில்தான் போகிறது. அதையொட்டிச் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தையும், மேல் வளிமண்டலக் காற்றையும், வளிமண்டல மின்புலத்தையும் அங்கே அளக்கிறார்கள். வீட்டிலிருந்து பேருந்தில் போய்ச் சேரும் தூரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது நம் ஊர் எம்.எஸ்சி. மாணவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அங்கே ஆராய்ச்சி மாணவராகச் சேர்வது நவி மும்பை பன்வெல் தலைமையகம் வெளியிடும் அறிவிப்பு வழியாக. அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

காற்றாலைத் தரவை நம்பித் தலைப்பு வைக்காதீர்கள். முப்பந்தலிலும் கயத்தாறிலும் கண்ணுக்கெட்டிய வரை காற்றாடி சுற்றுகிறது என்பது உண்மை. ஆனால் தனியார் நிறுவனங்களுக்கு அந்த எண்கள் வியாபார ரகசியம். 'பார்க்கலாம் தம்பி' என்பார்கள். அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கைடு (நெறியாளர்)

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. அதன் இயற்பியல் துறை, ஆழ்வார்குறிச்சியில் உள்ள ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம், ஆய்வு மையமாக அங்கீகாரம் பெற்ற இணைப்புக் கல்லூரிகள் ஆகியவைதான் தேடும் இடங்கள். போய்ப் பேசுவதற்கு முன் மூன்று விஷயங்களை விசாரித்துவிடுங்கள்.

இடம் காலி இருக்கிறதா? பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ள முடியும். ஓய்வு எப்போது? பணி ஓய்வுக்கு 3 வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக மாணவரை எடுக்கக் கூடாது. இதை அவரிடமே கேட்கச் சங்கடமாக இருந்தால் அலுவலக ஊழியரிடம் கேளுங்கள், பிறந்த தேதி உட்பட சொல்லிவிடுவார்கள். மூன்றாவது, பட்டத்தில் என்ன பாடம் அச்சாகும்? சுற்றுச்சூழல் அறிவியலில் பதிவு செய்தால், பின்னால் இயற்பியல் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது பாடப் பொருத்தம் பற்றிக் கேள்வி வரும். கல்லூரி வேலைதான் இலக்கு என்றால் இயற்பியலில் பதிவு செய்துவிட்டு, சுற்றுச்சூழல் துறையில் ஒருவரைத் துணை நெறியாளராக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

முதல் சந்திப்பில் ஐம்பது பக்கப் புராஜெக்ட்டை நீட்ட வேண்டாம். ஒரே பக்கம் போதும்: கேள்வி என்ன, எதை அளப்பேன், எந்தக் கருவியில், எந்த மாதத்தில், யாரிடம் அனுமதி. கடைசி இரண்டையும் எழுதிக்கொண்டு வருகிற மாணவரை எந்த சாரும் மேடமும் சும்மா அனுப்ப மாட்டார்கள்.

4. தேர்வும் உதவித்தொகையும்

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) வருடத்துக்கு இரண்டு சுற்று. நம்மவர்கள் பெரும்பாலும் இயற்பியல் தாளைத்தான் எழுதுவார்கள். வளிமண்டலம் பக்கம் போக முடிவு செய்தவர்கள் புவி, வளிமண்டல, கடல் அறிவியல் தாளின் பாடத்திட்டத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஜெ.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. 2024 ஜூன் சுற்றிலிருந்து முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன. மூன்றாவது வகை, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும். அதில் பணம் கிடையாது, மதிப்பெண்ணும் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். 'நெட் பாஸ்' என்று வீட்டில் சொல்வதற்கு முன் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவர்கள் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைத் திட்டத்தைப் பார்க்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகை இருக்கிறது. எந்த உதவித்தொகையும் சேர்ந்த மாதமே வந்துவிடாது. சேர்க்கைக் கடிதம், வங்கி இணைப்பு, கல்லூரிச் சான்று என்று சுற்றி முதல் தவணை வருவதற்குள் பல மாதம் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கையில் காசு வேண்டும். இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் டியூஷன் சென்டரில் சேர்ந்து அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

5. காகிதங்கள்

பத்தாம் வகுப்பு முதல் எம்.எஸ்சி. வரை மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்று அல்லது ப்ரொவிஷனல், டி.சி., சாதிச் சான்று, நெறியாளரின் ஒப்புதல் கடிதம், ஆய்வுச் சுருக்கம். வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இடப்பெயர்ச்சிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பகுதிநேரமாகச் சேர்ந்தால், வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். வெறும் 'ஆட்சேபணை இல்லை' போதாது. ஆய்வுக்கு நேரம் தரப்படும், பாடப்பகுதிக்கு (கோர்ஸ் ஒர்க்) தேவைப்பட்டால் விடுவிக்கப்படுவார் என்ற வாசகங்கள் அதில் இருக்க வேண்டும்.

ஒரு பொறி: தமிழக அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றை வைத்து நெட் தேர்வில் ஓ.பி.சி. என்று டிக் செய்ய முடியாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற தனிச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய்தான். ஆனால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மாறி வரும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

6. அனுமதி

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லித் தராத பகுதி இதுதான்.

மலை. பாபநாசத்துக்கு மேலே, மாஞ்சோலை, கோதையாறு, களக்காடு என எங்கே மழைமானி வைப்பதாக இருந்தாலும் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி ஆராய்ச்சிக்கு நுழைவு அனுமதி வேண்டும். தருபவர் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர். ரேஞ்சர் தெரிந்தவர் என்பதால் வாய்மொழியாக உள்ளே போய் அளந்துவிட்டால், அந்தத் தரவைக் கட்டுரையில் போட முடியாது. இதழ்கள் அனுமதி எண் கேட்கும்.

விண்ணப்பத்தோடு ஆய்வுச் சுருக்கம், நெறியாளர் கடிதம், துறைத் தலைவர் வழியான பரிந்துரை, உடன் வருபவர்களின் பெயரும் அடையாள அட்டையும், கருவிப் பட்டியல், வைக்கப்போகும் இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகையோடு வரைபடம் ஆகியவற்றை வையுங்கள். கருவி எதையும் கொல்லாது, பிடிக்காது, சத்தம் போடாது என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். ஒரு நகலை உள்ளூர்க் கள இயக்குநர், துணை இயக்குநர் அலுவலகங்களில் நேரில் கொடுத்துவிடுங்கள். சென்னையிலிருந்து கருத்துக் கேட்டுக் கோப்பு அங்கேதான் திரும்பி வரும். உங்களை முன்பே பார்த்தவர் எழுதும் குறிப்புக்கும் பார்க்காதவர் எழுதும் குறிப்புக்கும் வித்தியாசம் உண்டு. ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். சொரிமுத்து அய்யனார் கோவில் கூட்டத்தைச் சமாளிக்க மொத்த ஊழியர்களும் காரையாற்றில் இருப்பார்கள்.

கடற்கரை. தாதுமணல் அள்ளுவதற்கு மாநில அரசு 2013-இல் தடை விதித்தது. அதனால் உவரி, கூட்டப்புளிப் பக்கம் பைக்கில் மணல் பையோடு போனால் நிறுத்துவார்கள். அது நியாயம்தான். எத்தனை இடத்தில், ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ, எதற்காக என்று குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் கனிமவளத் துறைக்கும் கல்லூரி முதல்வர் வழியாகக் கடிதம் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் பையிலேயே வையுங்கள்.

அதைவிட முக்கியம் ஊர் சம்மதம். கூடங்குளம் போராட்டத்தைப் பார்த்த ஊர்கள் இவை. கதிர்வீச்சு அளக்க வந்திருக்கிறோம் என்றால் 'நீங்க யார் ஆளு?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நேராகப் பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் பாருங்கள். மண்ணில் இயற்கையாக இருப்பதைத்தான் அளக்கிறோம், அணுமின் நிலையத்தைப் பற்றி ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவுகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், கட்டாயம் தாருங்கள். உங்களுக்குப் பின் வரும் மாணவர் அந்த ஊருக்குள் போக வேண்டும்.

அணுமின் நிலையத்தைச் சுற்றிய தடைப் பகுதி, மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் ஆகியவற்றின் பக்கத்தில் ஆன்டெனாவும் ஜி.பி.எஸ்.ஸும் எடுத்துக்கொண்டு சுற்ற வேண்டாம். மாதிரி எடுக்கும் கட்டங்களை வரைபடத்தில் போடும்போதே இந்த இடங்களை விலக்கிவிடுங்கள்.

அரசுப் பள்ளி வளாகத்தில் கருவி வைக்கத் தலைமையாசிரியர் சம்மதத்தோடு முதன்மைக் கல்வி அலுவலர் கடிதமும் வேண்டும். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனாலும் அந்தக் கடிதம் நிற்கும்.

7. சும்மா கிடைக்கும் தரவை முதலில் தோண்டுங்கள்

அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய வேலை இது. இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவு 1901 முதல் தினசரி மழையை 0.25 டிகிரி கட்டங்களில் தருகிறது, இலவசம். ஐரோப்பிய வானிலை மையத்தின் இ.ஆர்.ஏ-5 மறுபகுப்பாய்வு (பழைய அளவீடுகளை வானிலை மாடலோடு சேர்த்துக் கணக்கிட்ட தரவு) 1940 முதல் மணிக்கு மணி வெப்பம், காற்று, ஈரம், கதிர்வீச்சு எல்லாம் தருகிறது. கோப்பர்நிக்கஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் போதும், அதுவும் இலவசம். தரவுத் தொகுப்பின் உரிமப் பெட்டியில் டிக் செய்யாவிட்டால் தரவிறக்கம் பிழை காட்டும். அதற்காக நிரலைக் குடைந்துகொண்டு உட்காராதீர்கள்.

இப்போது பொறிகள். நம் வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30-க்கு முடிகிறது. அதாவது சர்வதேச நேரம் 3 மணி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பெய்த 95 சென்டிமீட்டர் மழை 18-ஆம் தேதிக் கணக்கில் பதிவானது. ஆனால் அது 17-ஆம் தேதி காலை 8.30 முதல் 24 மணி நேரத்தில் பெய்தது. இ.ஆர்.ஏ-5-இன் நாளை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை சர்வதேச நேரத்தில் கூட்டினால், இரண்டு தரவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மாடல் மோசம் என்று முடிவு கட்டி ஒரு அத்தியாயமே எழுதிவிடுவீர்கள். மணித் தரவை எடுத்து 3 மணி முதல் 3 மணி வரை நீங்களே கூட்டுங்கள்.

அலகு: இ.ஆர்.ஏ-5 மழையை மீட்டரில் தரும், 1000-ஆல் பெருக்க வேண்டும். ஆவியாதல் மைனஸ் எண்ணாக வரும், கீழ்நோக்கிய பாய்வை நேர்க்குறியாகக் கொள்வதால். இந்தியக் கட்டத் தரவில் -999 என்றால் தரவு இல்லை என்று பொருள். அதைச் சராசரியில் சேர்த்துவிடாதீர்கள்.

இன்னொன்று, கட்டத்தின் அளவு. 0.25 டிகிரி என்பது கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி எஸ்டேட்டுகளில் கொட்டும் மழையும், கீழே அம்பைச் சமவெளியின் தூறலும் அடுத்தடுத்த ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் கலந்து சராசரியாகிவிடும். மலை மழையைப் பற்றிப் பேச நினைத்தால், மாவட்ட நிர்வாகம் மழைக்காலத்தில் தினமும் வெளியிடும் நிலையவாரிப் பட்டியலைச் சேகரித்து வையுங்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் அளவும் அதில் வரும்.

பாளையங்கோட்டை வானிலை நிலையத்தின் மூலத் தரவு வேண்டுமென்றால், புனேயில் உள்ள வானிலைத் துறைத் தரவு மையத்தின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். துறைத் தலைவர் கடிதமும், பிறருக்குத் தர மாட்டேன் என்ற உறுதிமொழியும் கேட்பார்கள். மாணவர்களுக்குச் சலுகை உண்டு. நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சென்னை தரமணியில் உள்ள மாநிலத் தரவு மையம்.

8. கருவி: எதை வாங்குவது, எதை இரவல் கேட்பது

இ.எஸ்.பி 32 எனும் சிறு கணினிப் பலகை, வெப்பம்-ஈரம்-அழுத்தம் அளக்கும் பி.எம்.இ 280, காற்றுத்தூசிக்குப் பி.எம்.எஸ் 5003 அல்லது அதுபோல் ஒன்று, சிறு சோலார் பலகை, பேட்டரி, மெமரி கார்டு. எல்லாம் சேர்த்து ஒரு நிலையத்துக்கு ஐயாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். வாளி கவிழும் மழைமானி தனி. ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். கெட்டுப்போனபின் ஆர்டர் போட்டு வருவதற்குள் மழை முடிந்துவிடும்.

மலிவுத் தூசிச் சென்சார் லேசர் ஒளிச் சிதறலை அளக்கிறது, தூசியின் எடையை அல்ல. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். சென்சார் அதை அதிகத் தூசி என்று சொல்லும். ஐப்பசிக் காலைகளில் வரும் பயங்கர எண்களில் பெரும்பகுதி இதுதான். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு வாரமாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் உங்கள் சென்சாரை வைத்து ஒப்பிட்டு, திருத்தச் சமன்பாடு போடுங்கள். அதில்லாமல், நுண்தூசிக்கு (பி.எம். 2.5) 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற இந்திய வரம்பைத் தாண்டியது என்று எழுதினால் எந்த நடுவரும் விட மாட்டார்.

காற்றுவேகமானி 10 மீட்டர் உயரத்தில், சுற்றியுள்ள தடைகளின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி இருக்க வேண்டும். வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டருக்குள், நிழல் கூண்டுக்குள். மொட்டை மாடி வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே அளப்பது கான்கிரீட்டின் சூட்டை. வாளி மழைமானி, கொட்டும் மழையில் வாளி கவிழ்கிற நொடியில் விழும் நீரைத் தவறவிட்டுக் குறைத்துக் காட்டும். பக்கத்தில் சாதாரண மழைமானி ஒன்றையும் வைத்துத் தினமும் 8.30-க்குப் படியுங்கள். புனலில் சிலந்தி கூடு கட்டும், மழைக்கு முன் துடையுங்கள்.

கதிரியக்கப் பக்கம் போனால் கதை வேறு. ஈயக் கவசத்தோடு சோடியம் அயோடைடு நிறமாலைமானி லட்சங்களில், உயர்தூய்மை ஜெர்மானியம் அதைவிடப் பல மடங்கு. சொந்தமாக வாங்க நினைக்க வேண்டாம். கல்பாக்கத்துக்கு அருகே கொக்கிலமேட்டில் யு.ஜி.சி.யும் அணுசக்தித் துறையும் சேர்ந்த யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பின் மையம் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காகவே இருக்கிறது. கூட்டுத் திட்டத்துக்கு நெறியாளர் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

நேரத்தைக் கணக்கிடுங்கள். மண்ணை 110 டிகிரியில் உலர்த்தி, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, சுமார் 4 வாரம் வைக்க வேண்டும். ரேடான்-222-இன் அரைவாழ்வு 3.82 நாள். அது ரேடியத்தோடு சமநிலைக்கு வர அவ்வளவு காலம் தேவை. மூடி கசிந்தால் அத்தனையும் வீண். ஒரு மாதிரிக்கு 20,000 நொடி எண்ணினால், 60 மாதிரிக்கு இடைவிடாமல் ஓடினாலே 14 நாள். பகலில் மட்டும் ஆய்வகம் திறக்கும் கல்லூரியில் மூன்று மாதத்தை ஒதுக்குங்கள். சோடியம் அயோடைடு படிகத்தின் ஒளி வெளியீடு வெப்பத்தோடு மாறும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் பொட்டாசியத்தின் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சி காலையில் ஓரிடம், மதியம் ஓரிடம் என்று நகரும். ஏ.சி.யும் யு.பி.எஸ்.ஸும் இருக்கிற ஆய்வகமா என்று முதலிலேயே பாருங்கள்.

9. களத்தில்

நேரக்குறிப்பு இல்லாத அளவீடு குப்பை. ஒரு தடித்த நோட்டில் தேதி, மணி, வானம், காற்று, யார் இருந்தார்கள் என்று பேனாவால் எழுதுங்கள். கருவியின் கடிகாரத்தை வாரம் ஒருமுறை சரிபாருங்கள். தரவை அன்றன்றே இரண்டு இடத்தில் சேமியுங்கள். கருவிப் பெட்டியில் கல்லூரிப் பெயர், தொடர்பு எண், 'மழை அளக்கும் கருவி, கரண்ட் இல்லை, கேமரா இல்லை' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எல்லோருக்கும் பயம் அந்த இரண்டைப் பற்றித்தான். மலையில் பூட்டு போட்டாலும் குரங்கு வயரைப் பிடுங்கும். வயரை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள்.

10. எழுதுவதும் சமர்ப்பிப்பதும்

பாடப்பகுதியில் ஆராய்ச்சி நெறிமுறைத் தாளும் சேர்த்துக் குறைந்தது 12 கிரெடிட். அதை முதல் வருடமே முடித்துவிடுங்கள். கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்பதை யு.ஜி.சி. 2022-இல் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம். பதிவு செய்த வருடத்து விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், சீனியர் சொன்னதை நம்பாதீர்கள்.

தரமான இதழ்கள் இவை என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. 'கேர் லிஸ்ட் இதழ், பத்து நாளில் வெளியீடு, ஐயாயிரம் ரூபாய்' என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களைத் தொடவே தொடாதீர்கள். வானிலைத் துறையின் 'மௌசம்' காலாண்டிதழ், இந்திய அறிவியல் அகாதமியின் புவி அறிவியல் இதழ் ஆகியவை நம் மாதிரி வட்டார ஆய்வுகளை எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல இடங்கள். திறந்த அணுகல் கட்டணம் கேட்கும் வெளிநாட்டு இதழ்களில் பெரும்பாலும் சந்தா வழி ஒன்றும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. நடுவர் கருத்து வர ஆறு மாதம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். முதல் பருவத்துத் தரவு கைக்கு வந்ததுமே முதல் கட்டுரையை அனுப்பிவிடுங்கள்.

தீசிஸின் ஒற்றுமைச் சோதனையில், அதாவது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்ப்பதில், 10 சதவீதம் வரை பிரச்சினையில்லை. அதைத் தாண்டினால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். கருவி விவரிப்பும் முறை விவரிப்பும்தான் பெரும்பாலும் மாட்டும், ஒரே ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே பத்தியை எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு அத்தியாயங்களையும் உங்கள் களநோட்டைப் பார்த்துப் புதிதாக எழுதுங்கள். அனுமதிக் கடிதங்களின் நகல்களைப் பின்னிணைப்பில் சேருங்கள். அச்சடித்துக் கட்டும் செலவு பக்கத்துக்கும் வண்ணப் படத்துக்கும் ஏற்ப ஏறும். அதனால் நிறம் அவசியமான படங்களை மட்டும் வண்ணத்தில் போட்டு, மற்றவற்றைக் கறுப்பு வெள்ளையில் வரையுங்கள்.